சுவரில் பெயரில்லாமல் தொங்கியவர்

சென்ற ஆண்டு தவணை விடுமுறையின்போது ஜாலான் புசார் வட்டாரத்தில் ஒரு கஃபேயில் பகுதிநேர வேலை பார்த்தேன். அந்தக் கடையின் சுவர் முழுவதும் சட்டமிட்ட பழங்காலப் படங்கள். கப்பல்கள் மிதக்கும் கடல் வரைபடம் ஒன்று, மூலிகைச் செடிகள் நான்கு, ஒரு வெப்பக்காற்றுப் பலூன். இப்படிப்பட்ட படங்களை இணையத்தில் ஒரு கட்டாக விற்கிறார்கள். வாங்கி மாட்டினால் நேற்றுத் திறந்த கடைக்கும் நூறு வயது ஆனதுபோல் ஒரு களை வந்துவிடும்.

அந்தக் கட்டில் ஒரு மனிதரின் படமும் இருந்தது. தோளில் புரளும் பெரிய சுருள் பொய்முடி. வேலைப்பாடு மிகுந்த மேலங்கி. கைகள் இருக்கவேண்டிய இடத்தில் குட்டையான இரண்டு முனைகள். கால்கள் இல்லை. குஞ்சம் வைத்த மெத்தைமேல் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர்களுக்கு அந்தப் படம் ஒரு வேடிக்கை. கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களில் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மேசைக்குக் காப்பி கொண்டுபோனது நான். என் வலக்கை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். பிறவியிலேயே அப்படித்தான். தட்டைக் கண்டதும் சட்டைக்குள்ளிருந்து அவசர அவசரமாகக் கைகள் வெளியே வரும். பிறகு எல்லாரும் என்னிடம் அளவுக்கு அதிகமாக நன்றி சொல்வார்கள்.

ஒரு நாள் மாலை, கடை மூடிய பிறகு, படங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரின் பொய்முடியில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. சுருள்கள் வெறும் கோடுகளாக இல்லை. புள்ளி புள்ளியாக, எழுத்து மாதிரி இருந்தன. அச்சு மங்கலாக இருந்ததால் படிக்க முடியவில்லை. கைப்பேசியில் படம் பிடித்துத் தேடினேன். ஓர் அருங்காட்சியகத்தின் தெளிவான பிரதி கிடைத்தது. அதைப் பெரிதாக்கப் பெரிதாக்க, முடியிழைகள் ஆங்கிலச் சொற்களாகப் பிரிந்துகொண்டே வந்தன. எம்ஆர்டியில் நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

அவர் பெயர் மத்தியாஸ் புக்கிங்கர். அந்தப் படத்தை வரைந்தவரும் அவரேதான்.

1674ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகருக்கு அருகில் உள்ள ஆன்ஸ்பாக்கில் அவர் பிறந்தார். எட்டு மகன்கள், ஒரு மகள் என ஒன்பது பிள்ளைகள் இருந்த வீட்டில் அவர் கடைசிப் பிள்ளை. கைகளும் கால்களும் முழுமையாக வளராமல் பிறந்தவர். பெரியவரான பிறகும் அவரது உயரம் 29 அங்குலம்தான், அதாவது ஏறத்தாழ 74 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் இப்படிப் பிறந்தவர்களுக்குத் திறந்திருந்த வாசல்கள் மிகக் குறைவு. ஒன்று வீட்டுக்குள் மறைந்து வாழவேண்டும், அல்லது தெருவில் கையேந்தவேண்டும். மூன்றாவது வழி, சந்தைகளிலும் விடுதிகளிலும் காசு வாங்கிக்கொண்டு தன் உடலைப் பிறர் பார்க்கக் காட்டுவது. புக்கிங்கர் தேர்ந்தது மூன்றாவது வழி. ஆனால், வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவதற்கு அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் முன்னால் வேலை செய்தார்.

எத்தனை வேலைகள் என்று எண்ணினால் மூச்சு வாங்கும். ஓபோ என்ற குழலும் எக்காளமும் ஊதினார், டல்சிமர் என்ற தந்திக் கருவியை வாசித்தார். சீட்டைக் கலைத்துப் பங்கிட்டார். ஊசியில் நூல் கோத்தார். ஒன்பது கட்டைகளை நிறுத்திவைத்துப் பந்தால் வீழ்த்தும் விளையாட்டில் வல்லவர். தாமே முகம் மழித்துக்கொண்டார். புட்டிக்குள் சின்னச் சின்னப் பொருள்களை அடுக்கிக் காட்சி அமைக்கும் கைவினையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவருடைய மாயவித்தை. கிண்ணமும் பந்தும் வைத்துச் செய்யும் வித்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிண்ணத்துக்கு அடியில் வைத்த பந்து காணாமல் போகும், வேறொரு கிண்ணத்தில் முளைக்கும். வித்தைக்காரரின் விரல் இடுக்கில்தான் இரகசியம் என்று நாம் நினைப்போம். விரலே இல்லாத ஒருவர் அதைச் செய்தார். பந்தோடு நிற்காமல் தானியத்தையும் உயிருள்ள பறவைகளையும் கிண்ணத்திலிருந்து வரவழைத்தார். பார்க்க வந்தவர்கள் அவருடைய கை எங்கே என்றுதானே உற்றுப் பார்த்திருப்பார்கள்? ஒரு மாயவித்தைக்காரருக்கு அதைவிட வேறென்ன வசதி வேண்டும்! இது என் ஊகம். இருந்தாலும் அவர் அதை அறியாதவராக இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் பெயர் எடுத்த பிறகு, 1710களின் பிற்பகுதியில் அவர் இங்கிலாந்துக்கு வந்தார். அப்போது அங்கே அரியணையில் இருந்தவர் முதலாம் ஜார்ஜ். அவரும் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து 1714இல் வந்து மன்னரானவர். நம் நாட்டு அரசர், நம் மொழி பேசுபவர், நம்மை ஆதரிப்பார் என்று புக்கிங்கர் நம்பினார். தாமே செய்த இசைக்கருவி ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மன்னர் 20 கினி பணம் கொடுத்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அரண்மனையில் நிலையான வேலை மட்டும் கிடைக்கவில்லை.

ஆகவே மீண்டும் ஊர் ஊராகப் பயணம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து. குதிரை வண்டியும் படகும்தான் அக்காலப் போக்குவரத்து. போகும் ஊரெல்லாம் விளம்பரத் தாள் அச்சிட்டார். அதில், ஒருவர் பின் ஒருவராக வந்த மூன்று பேரரசர்கள் முன்னிலையில் நிகழ்ச்சி நடத்தியவர் என்றெல்லாம் பெருமையாகப் போட்டுக்கொண்டார். விளம்பரம் என்றால் கொஞ்சம் ஊதித்தானே இருக்கும். அவருக்குக் குடும்பமும் பெரியது. நான்கு முறை மணம் புரிந்தவர். 1724க்குள் பதினொரு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள், அதன் பிறகும் பிறந்தார்கள். அத்தனை பேருக்கும் அவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

இசையும் மாயமும் அன்றன்றைக்குக் காற்றில் கரைந்துவிட்டன. மிஞ்சி நிற்பது அவருடைய எழுத்து வேலை. இரண்டு முனைகளுக்கும் நடுவே இறகுப் பேனாவைப் பிடித்து எழுதினார். அந்தப் பேனாவைச் சீவிக்கொண்டதும் அவரே. பணக்காரர்களுக்குக் குடும்பச் சின்னங்கள் வரைந்தார், உருவப்படங்கள் வரைந்தார், அழகெழுத்தில் பெயர்களும் கட்டளைகளும் எழுதிக் கொடுத்தார். தலைகீழாகவும், கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க முடியும் வகையிலும் எழுதினார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் கண்ணுக்குக் கோடாகத் தெரியும் அளவுக்குப் பொடி எழுத்தில் வேத வசனங்களை எழுதி, அந்தக் கோடுகளைக் கொண்டே படம் வரைந்தார். சந்தையில் அரிசியில் பெயர் எழுதித் தருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஓர் அரிசி போதும். இவருக்கு ஒரு தலை நிறைய முடி.

நம் கஃபே சுவரில் தொங்கிய படத்துக்கு வருவோம். அதில் உள்ள தேதி 1724 ஏப்ரல் 29, ஊர் இலண்டன். ஐம்பது வயது நிறைய இன்னும் ஐந்து வாரம் இருந்த நேரம். பொய்முடியின் சுருள்களில் பைபிளின் ஏழு சங்கீதங்களும் பரமண்டல ஜெபமும் முழுமையாக எழுதப்பட்டுள்ளன. சங்கீதங்களின் எண்கள் 27, 121, 128, 130, 140, 149, 150. எங்கள் குடும்பம் கிறிஸ்துவக் குடும்பம் இல்லை. அந்த ஏழும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொள்ள நூலகத்தில் பைபிளை எடுத்துப் படித்தேன். 128ஆம் சங்கீதம், மனைவியோடும் மேசையைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளோடும் நிறைவாக வாழும் ஒரு மனிதனைப் பற்றியது. 150ஆம் சங்கீதம், எக்காளமும் யாழும் குழலும் முழங்கக் கடவுளைப் புகழ்வது. பதினொரு பிள்ளைகளின் தகப்பன், எக்காளம் ஊதத் தெரிந்தவர், இவ்விரண்டையும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் அடிப்பகுதியில் அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார். இந்த உருவத்தை வரைந்ததும் எழுதியதும் தாமே என்பதைச் சொல்லி, தம் பெயர், உயரம், பிறந்த நாள், பிறந்த ஊர், உடன்பிறந்தவர்கள், எந்த மனைவிக்கு எத்தனை பிள்ளைகள், தமக்குத் தெரிந்த கலைகள் என்று எல்லாவற்றையும் வரிசையாகத் தந்திருந்தார். ஒரு தற்குறிப்பு என்றே சொல்லலாம். நிகழ்ச்சி பார்க்க வந்தவர் அந்த அச்சுப்படத்தை வாங்கிப் போனால், புக்கிங்கரின் உருவத்தோடு அவருடைய சொல்லும் அந்த வீட்டுக்குப் போனது.

எங்கள் கடையின் படத்தில் அந்த அடிப்பகுதி இல்லை! சதுரச் சட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்று யாரோ அதை வெட்டியிருந்தார்கள். வெட்டியவருக்கு அது வெறும் பழைய எழுத்து. முடியில் இருந்த எழுத்துகளும் மங்கலான அச்சில் அழிந்துவிட்டன. மிஞ்சியது, கை கால் இல்லாத, பெயர் தெரியாத ஒரு விசித்திர மனிதர்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலை இரண்டில் வகுப்புப் படம் எடுத்தபோது நான் முன்வரிசையில் நின்றிருந்தேன். படம் எடுக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, மிக அன்பாக, இரண்டாம் வரிசைக்குப் போகச் சொன்னார். எனக்கு முன்னால் உயரமான தோழி ஒருத்தியை நிறுத்தினார். படம் அழகாக வந்தது. அதில் எனக்குத் தலையும் ஒரு தோளும் இருக்கின்றன. அம்மா அதை இன்றும் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். ஒரு கூட்டத்தில் என்னை மேடைக்கு அழைத்து, இவளே இவ்வளவு செய்கிறாள், இரண்டு கை உள்ள உங்களுக்கு என்ன குறை என்று மற்ற மாணவர்களைப் பார்த்துக் கேட்டார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. நான் என்ன செய்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை. ஒரு சுவரொட்டி வடிவமைத்திருந்தேன். எழுத்து இடைவெளியைச் சரிசெய்ய மட்டும் மூன்று இரவுகள் ஆயின.

அதனால்தான் புக்கிங்கரை ஊக்க உரையாக மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அவர் வரைந்ததைப் பாருங்கள். அந்தச் சுருள்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் எந்த எழுத்தோவியரும், எந்த வடிவமைப்பாளரும், விரல்கள் பத்தும் இருந்தாலும் திகைத்துத்தான் போவார். அது கையில்லாதவர் செய்ததால் நன்றாக இருக்கும் வேலை இல்லை. நல்ல வேலை.

உடற்குறையுள்ளவர்களின் பழைய படங்கள் உலகில் நிறைய இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்குவெஸ் 1645ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த செபாஸ்தியான் டி மோரா அவற்றில் ஒன்று. மன்னர் நான்காம் பிலிப்பின் அரண்மனையில் வேடிக்கை காட்டுவதற்காக வைக்கப்பட்டிருந்த குள்ளமான மனிதர் அவர். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தின் பிரதிகளையும் வீட்டுச் சுவருக்கு வாங்கலாம். அவருடைய பார்வையில் இருக்கும் கனத்தை நான் மறுக்கவில்லை. ஓவியர் மரியாதையோடுதான் வரைந்திருக்கிறார். ஆனால் எப்படி உட்காரவேண்டும், என்ன உடுத்தவேண்டும், படம் எங்கே தொங்கவேண்டும் என்று முடிவு செய்தவர் டி மோரா இல்லை.

புக்கிங்கரையும் மற்றவர்கள் வரைந்திருக்கிறார்கள். அவர் இறந்து நெடுநாள் கழித்துக்கூட, விந்தை மனிதர்கள் என்ற தலைப்பில் வந்த ஆங்கில நூல்களில் அவருடைய படம் இடம்பெற்றது. இரண்டு தலைக் கன்றுகளைப் பற்றிய செய்திகளோடு சேர்த்துப் படிக்கும் வகை நூல்கள் அவை. ஆனால் 1724ஆம் ஆண்டுப் படத்தில் முடிவு செய்தவர் அவரே. ஊரே பார்க்கத்தான் போகிறது, அதைத் தடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பார்ப்பவர் எங்கே, எவ்வளவு நேரம் பார்க்கவேண்டும் என்பதைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். முதலில் கண் போவது குட்டைக் கைகளுக்குத்தான். பிறகு முடிக்குப் போகும். அங்கே எழுத்து இருப்பது தெரிந்துவிட்டால் ஓரடி நெருங்கி வரவேண்டும், குனியவேண்டும், படிக்கவேண்டும். 29 அங்குல மனிதருக்கு முன்னால் அத்தனை பேரும் குனிந்திருக்கிறார்கள்!

அவருடைய கடைசி ஆண்டுகள் அயர்லாந்தில் கழிந்தன. 1740ஆம் ஆண்டு வாக்கில் கார்க் நகரில் காலமானார். அறுபத்தைந்து வயதை ஒட்டி வாழ்ந்திருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது நீண்ட ஆயுள்.

அவருடைய படைப்புகள் பல இடங்களுக்குச் சிதறிப் போயின. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ரிக்கி ஜே என்ற அமெரிக்க மாயவித்தைக்காரர். சீட்டு வித்தையில் உலகப் புகழ் பெற்றவர். விரல் நுனியில் வாழ்ந்த ஒருவர், விரலே இல்லாத ஒருவரின் படங்களுக்காகப் பல பத்தாண்டுகள் செலவிட்டார். 2016ஆம் ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் அவரது சேகரிப்பிலிருந்த புக்கிங்கரின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இறந்து இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட நிலையில் அங்கேயும் வந்தவர்கள் குனிந்து படித்திருப்பார்கள்.

கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று அவர் முதலில் நினைத்துவிட்டார். உடனே மன்னிப்புக் கேட்டு, அன்றே கழற்றிவிடுவதாகச் சொன்னார். எடுத்துவிடுவது எனக்கு இரண்டாம் வரிசைக்கு அனுப்புவது போலவே பட்டது. வேண்டாம், மாற்றினால் போதும் என்றேன். அருங்காட்சியகத்தின் பிரதியை, அடியில் உள்ள எழுத்தோடு, எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியின் அச்சுக்கூடத்தில் பெரிய தாளில் அச்சிட்டேன். பழைய சட்டத்துக்குள் அது அடங்கவில்லை. நீளமான சட்டம் ஒன்றைக் கடைக்காரரே வாங்கி வந்தார். விலையைப் பற்றிச் சற்று முணுமுணுத்தார்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். பழைய இடம் மேலே, விளக்குக்கு அடியில். நான் கீழே, சீனியும் கரண்டியும் வைக்கும் மேசைக்கு மேல், கண் மட்டத்தில் வேண்டும் என்றேன். அங்கே வழி அடைபடும் என்றார். அவர் சொன்னதும் சரிதான், வழி அடைபடுகிறது. விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, பெரியவர் ஒருவர் சீனி எடுக்க வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு சட்டத்தில் படும் அளவுக்கு நெருங்கினார். பின்னால் மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரு சுருளைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது, தெரியுமா என்று என்னிடம் கேட்டார். கைப்பேசியில் படத்தைத் திறந்து, இடக்கையால் பெரிதாக்கி, அவரிடம் நீட்டினேன்.